சோக் இழுத்தால் எடுக்கும் வண்டி

அல்சூர்,
9-11-1993

என் கோபக்கார வீட்டுக்காரருக்கு,

பாமா எழுதுகிறேன். போனில் பேசினால் நீங்கள் கத்துகிறீர்கள், நான் ரிசீவரை வைத்துவிடுகிறேன், பூத்துக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறார். அதனால் இனிமேல் கடிதம்தான். நீங்கள் மஸ்கட்டில் உட்கார்ந்து காகிதத்தில் எவ்வளவு கத்தினாலும் எங்கள் தெருவுக்குக் கேட்காது.

போனில் பாதியில் நின்றதை முழுதாகச் சொல்கிறேன். நேற்று விடிகாலை வழக்கம்போல நர்ஸ்கள் நாலு பேரையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். ஏரியைத் தாண்டி சிக்னலில் நின்றதும் நம் அம்பாசிடர் உயிரை விட்டது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பின்னால் பால் வேன்காரன் ஹாரன் அடிக்கிறான். போலீஸ்காரர் வந்து "ஏனம்மா, காடி சைடிகே ஹாக்கி" என்கிறார். சைடுக்குப் போகிற வண்டியாக இருந்தால் நேராகவே போயிருக்க மாட்டேனா! கடைசியில் வெள்ளை யூனிபாரம் போட்ட நாலு பேரும் இறங்கித் தள்ளினார்கள். பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. நான் மட்டும் சிரிக்கவில்லை.

அரை மணி கழித்து அதுவே ஒன்றும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆனது. அதற்குள் ட்யூட்டிக்கு லேட். இந்த மாதத்தில் இது மூன்றாவது தடவை. குளோரியா சிஸ்டர் தங்கமான மனுஷி, அவளே சொல்லிவிட்டாள்: "பாமா, தப்பா எடுத்துக்காத. இன்னும் ரெண்டு தடவ இப்படி ஆச்சுன்னா மேட்ரன் எங்கள சும்மா விடமாட்டாங்க. நாங்க வேற வண்டி பாக்கணும்."

மெக்கானிக் நாணு கடையில் காட்டினேன். அவர் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்து, ஆயுத பூஜைக்கு உங்கள் நைனா அடித்த பெயிண்டைத்தான் பத்து நிமிடம் ரசித்தார். "டைனமோ போயிருக்கும்" என்றார். போயிருக்கும் என்றால் என்ன அர்த்தம்? போயிருக்கிறதா, இல்லையா?

வண்டியை விற்றுவிட்டு, மாமாவையும் கூட்டிக்கொண்டு வேலூரில் உங்கள் அக்கா ரமா அண்ணி வீட்டில் போய் இரு என்றீர்கள். எனக்கு விருப்பமில்லை. விடிகாலையில் அந்த நாலு பேரும் வேறு எவன் வண்டியிலும் ஏறப் பயப்படுகிறார்கள், என் வண்டியில் தூங்கிக்கொண்டே வருகிறார்கள். இது நானாக உண்டாக்கிய வேலை. வண்டி ஓடினால் நான் பெங்களூரில் இருப்பேன், நின்றால் வேலூர். எனக்கு விஷயம் அவ்வளவுதான்.

நீங்கள் கார் எலக்ட்ரீசியன். நான் உங்கள் கண்ணாக இருக்கிறேன். என்ன பார்க்க வேண்டும் என்று கேளுங்கள்.

பாமா

*

மஸ்கட்,
20-11-1993

பாமாவுக்கு,

கத்தாமல் எழுத முயற்சி செய்கிறேன்.

இங்கே என் கைக்கு வருவதெல்லாம் நேற்று கப்பலில் இறங்கிய வண்டிகள். எதுவும் ஓடாமல் கிடந்தால் 'கோவிந்தனைக் கூப்பிடு' என்பார்கள். அந்தக் கோவிந்தனின் சொந்த வண்டியை நாலு நர்ஸ்கள் தள்ளினார்கள் என்று தெரிந்தால் நான் இந்த ஒர்க்‌ஷாப்பில் தலைகாட்ட முடியாது.

நீ இருட்டில் ரோட்டில் நிற்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதுதான் கத்தினேன். வேறொன்றும் இல்லை.

சரி, கேட்டுக்கொள். முதலில், பூஜைக்குக் கழுவும்போது நைனா பைப்பை எஞ்சின் பக்கம் பிடித்தாரா? டைனமோவுக்குள் தண்ணீர் போயிருக்கலாம். இரண்டாவது, சுவர் எதிரே வண்டியை நிறுத்தி ஹெட்லைட்டைப் போடு. போட்டுக்கொண்டே ஸ்டார்ட்டரை அடி. வெளிச்சம் மங்கினால் பேட்டரியில் சத்து இல்லை. மங்கவே இல்லை என்றால் பேட்டரி நன்றாக இருக்கிறது, கரண்ட் ஸ்டார்ட்டருக்குள் போகவில்லை என்று அர்த்தம். மூன்றாவது, ஒரு சின்ன பல்பில் இரண்டு வயர் கட்டிக்கொள். ஒரு முனை பேட்டரி பிளஸ்ஸில், இன்னொரு முனை எஞ்சின் இரும்பில். பல்பு எரிந்தால் எர்த் இருக்கிறது.

இது ஏனென்றால், எஞ்சின் ரப்பர் கட்டைகள் மேல் உட்கார்ந்திருக்கிறது, பாடியைத் தொடுவதில்லை. ஸ்டார்ட்டருக்குப் போன கரண்ட் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும் அல்லவா? அதற்கு எஞ்சினையும் பாடியையும் சேர்த்து ஒரு செம்புப் பின்னல் பட்டை இருக்கும். அதுதான் எர்த் பட்டை. ஆனால் அதை நீ தொட வேண்டாம். ஊருக்கு வந்தபோது புதுப் பட்டையாக நானே போட்டது. பல் வைத்த வாஷர் வைத்து முறுக்கியிருக்கிறேன், அந்தப் பல் இரும்பைக் கடித்துக்கொண்டு நிற்கும். அது பத்து வருடத்துக்கு அசையாது.

இதெல்லாம் நீ கேட்டதற்காக எழுதினேன். என் முடிவு மாறவில்லை. பொங்கலுக்குள் சரியானால் சரி. இல்லையென்றால் வண்டி போகட்டும், நீயும் நைனாவும் அக்கா வீட்டுக்குப் போங்கள்.

கோவிந்தன்

*

அல்சூர்,
2-12-1993

முடிவு மாறாத மனிதருக்கு,

உங்கள் பரீட்சையை எழுதிவிட்டேன். விடைத்தாள் இதோ.

தண்ணீர்: மாமா பைப்பே பிடிக்கவில்லை. எஞ்சின் பக்கம் முழுவதும் ஈரத் துணியால் துடைத்து, காயவைத்து, பிறகுதான் பிரஷ்ஷைத் தொட்டார். தொழிற்சாலையின் பெயிண்ட் ஷாப்பில் வேலை பார்த்த மனிதர், தண்ணீர் மேல் பெயிண்ட் அடிப்பாரா? அத்தை போன பிறகு அவர் பிரஷ் எடுத்ததே இந்த ஆயுத பூஜைக்குத்தான். நான் சொல்லவே இல்லை, அவராகவே பழைய டின்னைத் தேடி எடுத்தார். பானெட்டைத் திறந்தால் உள்ளே புதுப் பாத்திரம் மாதிரி மின்னுகிறது. பூசணிக்காய் உடைத்தபோது தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. அன்றைக்கு அவர் இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஹெட்லைட்: எதிர் வீட்டுச் சுவரில் அடித்தேன். மாமாவை அங்கே நிற்கவைத்து, மங்குகிறதா என்று பார்க்கச் சொன்னேன். ஸ்டார்ட்டரில் 'டக்'. "கொஞ்சம்கூட மங்கலம்மா, கல்யாண வீடு மாதிரி எரியுது" என்றார். அப்படியானால் பேட்டரி நிரபராதி.

உடனே நாணுவிடம் போய், "கரண்ட் ஸ்டார்ட்டருக்குள்ள போகல, டைனமோவ விடுங்க" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆனாலும் நல்ல மனிதர், ஸ்டார்ட்டரைக் கழற்றித் தரையில் வைத்து, காலால் மிதித்துக்கொண்டு இரண்டு வயரைக் கொடுத்தார். அது அவர் காலையே தூக்கிவிட்டுத் துள்ளியது! "அக்கா, இது குதிர மாதிரி இருக்கு" என்றார். மறுபடி வண்டியில் மாட்டினால், டக். தரையில் குதிரை, வண்டியில் கழுதை. இது ஏன் என்று நாணுவாலும் சொல்ல முடியவில்லை.

பல்பு: எஞ்சினில் வைத்தேன், எரிந்தது. அதனால் எர்த் இருக்கிறது. பட்டையை நீங்கள் சொன்னபடி தொடவில்லை. உங்கள் கை வைத்த இடம், கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஒன்று மட்டும் நீங்கள் கேட்காதது. சோக்கை இழுத்துக்கொண்டு சாவியைத் திருப்பினால் சில சமயம் எடுக்கிறது. குளிருக்காக இல்லை, எஞ்சின் சூடாக இருக்கும்போதும் அப்படித்தான். சோக்கை இழுத்து, தள்ளி, ஆட்டினால் பத்தில் நாலு தடவை எடுக்கிறது. இது ஏன்?

நேற்று மழையில் நின்றுவிட்டது. சோக்கை ஆட்டி ஆட்டித்தான் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தேன். குளோரியா ஜெபமாலை உருட்டிக்கொண்டே வந்தாள்.

பாமா

*

மஸ்கட்,
13-12-1993

பாமாவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இங்கே டிப்ளமா படித்துவிட்டு வருகிற பையன்கள்கூட 'ஸ்டார்ட் ஆகவில்லை சார்' என்று ஒரே வரியில் எழுதுவார்கள். நீ எழுதியதைப் படித்தபோது நானே பானெட்டுக்குள் தலையை விட்டிருப்பது போல இருந்தது. உனக்கு இவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்தது? என்னிடம் ஒருநாளும் காட்டியதில்லையே.

ஆனால் சோக்கைப் பற்றி நீ எழுதியது வெறும் பிரமை. சோக்குக்கும் கரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. அது குளிரில் பெட்ரோலைக் கூட்டுகிற விஷயம், டாஷ்போர்டிலிருந்து எஞ்சினுக்குப் போகிற ஒரு கம்பி, அவ்வளவுதான். நீ ஆட்டுகிற நேரத்தில் ஸ்டார்ட்டர் தானாகப் பிடித்திருக்கும். ஸ்டார்ட்டர் சுவிட்சு, சாவி சுவிட்சு, பெரிய வயர் எல்லாவற்றையும் மாற்றிப் பார்க்கலாம். ஆனால் எதுவரை மாற்றிக்கொண்டே போவது?

மழையில் நின்றாய் என்று படித்ததும் எனக்குப் போதும் என்றாகிவிட்டது. என்னோடு வேலை செய்கிற க்ளென்னின் மாமா மகன் யூஜின், அத்திபெலேயில் பழைய வண்டி வாங்கி விற்கிறவர். அவரிடம் பேசி முடித்துவிட்டேன். கிறிஸ்துமஸ் முடிந்த ஞாயிற்றுக்கிழமை வருவார். வண்டியைக் கொடுத்துவிடு. பழுது இருக்கிறது என்று அவருக்கும் தெரியும், எதையும் மறைக்கவில்லை.

கோபப்படுவாய். படு. நீ அங்கே தைரியமாக இருக்கிறாய், இங்கே நான்தான் பயந்துகொண்டிருக்கிறேன். ஒவ்வொரு விடிகாலையும் இங்கே கண் விழித்ததும், அங்கே இந்நேரம் எந்த சிக்னலில் நிற்கிறாளோ என்றுதான் முதல் நினைப்பு. பயந்துகொண்டே எத்தனை நாள் வேலை பார்ப்பது? இதைப் புரிந்துகொள்.

கோவிந்தன்

*

அல்சூர்,
27-12-1993

உங்களுக்கு,

இந்தக் கடிதத்தைச் சாப்பிட்ட பிறகு படியுங்கள். நின்றுகொண்டு படிக்காதீர்கள்.

நேற்று யூஜின் வந்தார். கையில் கிறிஸ்துமஸ் கேக். நல்ல மாதிரியான மனிதர், அதுதான் எனக்குக் கஷ்டமாகப் போய்விட்டது, திட்டக்கூட முடியவில்லை. பானெட்டைத் திறந்ததும், "யப்பா! இது என்ன பழைய வண்டியா, ஷோரூமா?" என்றார். மாமா முகத்தைப் பார்க்க வேண்டுமே. அத்திபெலே வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வண்டியை அங்கேயே வைத்துக்கொள்கிறேன், நீங்கள் பஸ்ஸில் திரும்பிவிடுங்கள் என்றார். நான்தான் ஓட்டுவேன் என்றேன். மாமா சட்டையை மாட்டிக்கொண்டு பின் ஸீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

ஓசூர் ரோட்டில் வண்டி என்னமாய்ப் போனது தெரியுமா! ஒரு முனகல் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வந்த பெண் மாதிரி நல்ல பிள்ளையாகப் போனது. விற்கப் போகிற அன்றைக்குத்தானா இப்படி ஓட வேண்டும்? எனக்கு அழுகை முட்டியது. கண்ணாடியில் மாமாவைப் பார்த்தால் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சந்தாபுரத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். திரும்பி வந்து சாவியைத் திருப்பினால், டக்.

யூஜின் சிரித்தார். "கோவிந்தன் சொன்னது இதானா? பரவால்ல சிஸ்டர், பாத்துக்கலாம்" என்று பானெட்டைத் திறந்தார். நான் விடவில்லை. என் வழக்கப்படி சோக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு சாவியை விடாமல் திருப்பினேன். ஸ்டார்ட்டர் நோயாளி மாதிரி மெள்ள மெள்ள ஒரு சுற்றுச் சுற்றியது. திடீரென்று கையை உதறினேன். சோக் குமிழுக்குப் பின்னால் இருக்கிற கம்பி சுட்டுவிட்டது. அடுப்பிலிருந்து எடுத்த கரண்டி மாதிரிச் சுட்டது.

அப்படியே உட்கார்ந்து யோசித்தேன். சோக்குக்கும் கரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் அது ஏன் சுட வேண்டும்? அதற்குள் கரண்ட் போனால்தானே சுடும். அதற்குள் ஏன் போகிறது? மெயின் ரோட்டை அடைத்தால் லாரியெல்லாம் நம் சந்துக்குள் புகுமே, அப்படித்தான். எஞ்சினிலிருந்து திரும்புகிற கரண்டுக்கு அதன் சொந்த வழி அடைத்திருக்கிறது. சோக் கம்பி ஒரு முனையில் எஞ்சினையும் மறு முனையில் பாடியையும் தொடுகிறது. பாவம், அந்த ஒல்லிக் கம்பி அவ்வளவு கரண்டையும் சுமந்துகொண்டிருந்தது. நான் ஆட்டியபோதெல்லாம் நன்றாகத் தொட்டது, வண்டி எடுத்தது.

பக்கத்துப் பஞ்சர் கடையில் ஒரு கனமான வயர் வாங்கினேன். ஒரு முனை பேட்டரி மைனஸில், மறு முனையை எஞ்சினில் அழுத்திப் பிடிக்கும்படி யூஜினிடம் சொன்னேன். "சிஸ்டர், இது எதுக்கு?" என்றார். "புடிங்க, சொல்றேன்" என்று சாவியைத் திருப்பினேன். நம் வண்டி அப்படி எடுத்து நான் கேட்டதே இல்லை! டீக்கடைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

இனி இருந்தது உங்கள் எர்த் பட்டை மட்டும்தான். நீங்கள் தொடாதே என்றது. தொட்டேன்.

ஸ்பேனர் போட்டு பாடிப் பக்கத்து போல்ட்டைக் கழற்றினேன். பட்டையைத் தூக்கினால் அதற்கடியில் மாமாவின் பெயிண்ட். மேலே தெரிகிற இடம் எப்படி மின்னுகிறதோ அதே மாதிரி அடியிலும். பிரைமர், அதற்கு மேல் இரண்டு கோட். போல்ட் துவாரத்தின் ஓரம்கூட விடவில்லை. உங்கள் பல் வைத்த வாஷரைக் காணோம், வழவழப்பான வாஷர் ஒன்று உட்கார்ந்திருந்தது.

மாமா பின்னால் வந்து நின்றார். "என்னம்மா?" என்றார். ஒன்றுமில்லை மாமா என்று பட்டையைத் திருப்பி வைக்கப் போனேன். அவரா விடுவார்.

"அதுக்கு அடியிலயும் அடிச்சேன்மா. அடிக்காம உட்டா துரு ஏறும்ல? அந்தப் பல்லு வாஷரு பெயிண்ட்ட கீறிடும்னு மாத்தி வெச்சேன்" என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே யூஜின் கையில் இருந்த வயரையும் பட்டையையும் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு நிமிடம் அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

"முப்பது வருசம் அடிச்சேன். ஒருத்தன் கொற சொன்னதில்ல" என்றார் மெதுவாக.

"இதுலயும் கொற இல்ல மாமா" என்றேன். "அவ்ளோ நல்லா அடிச்சிருக்கீங்க, கரண்ட்டே பூர முடியல."

யூஜின்தான் முதலில் சிரித்தார். அப்புறம் மாமா. நடுரோட்டில் பானெட்டைப் பிடித்துக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அத்தை இருந்தபோது சிரித்த சிரிப்பு. பெயிண்டைச் சுரண்ட எனக்கு மனசு வராமல் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். "குடும்மா, எத்தன கோட்டுன்னு எனக்குத்தான் தெரியும்" என்று வாங்கிக்கொண்டார். பட்டையின் முனை உட்காருகிற அளவுக்கு மட்டும் வட்டமாகச் சுரண்டினார். வெளியே ஒரு கீறல் விழவில்லை. பஞ்சர் கடையிலேயே பல் வாஷர் கிடைத்தது. முறுக்கினோம். எடுத்தது. அணைத்து அணைத்து எடுத்தோம், ஒவ்வொரு தடவையும் எடுத்தது.

யூஜின் கையைத் துடைத்துக்கொண்டு, "சிஸ்டர், இப்பதான் இந்த வண்டி எனக்குக் கண்டிப்பா வேணும்" என்றார். இல்லை என்றேன்.

"கோவிந்தன் பேசி முடிச்சிட்டாரே."

"அவர் நிக்கற வண்டியதான் உங்களுக்கு வித்தார். இது ஓடற வண்டி" என்றேன்.

அவர் மாமாவைப் பார்த்தார், பெரியவர் ஏதாவது சொல்வார் என்று. மாமா பின் ஸீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, "அவர வீட்ல எறக்கி உட்டுட்டு வண்டியத் திருப்பும்மா" என்றார்.

அத்திபெலேயில் யூஜினை இறக்கிவிட்டேன். கேக்கைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. இன்று காலை நர்ஸ்கள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

உங்களைக் கேட்காமல் செய்தேன். நீங்கள் கொடுத்த வார்த்தையை உடைத்தேன். வேலூருக்கும் போகமாட்டேன். இதற்கு நீங்கள் என்ன எழுத வேண்டுமோ எழுதுங்கள்.

பாமா

*

மஸ்கட்,
8-1-1994

என் பாமாவுக்கு,

உன் கடிதத்துக்கு முன்னாலேயே யூஜின் போன் செய்து க்ளென்னிடம் சொல்லிவிட்டார். க்ளென் ஒர்க்‌ஷாப் நடுவில் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "கோவிந்தன், உங்க ஒய்ஃப் எந்த ஒர்க்‌ஷாப்ல வேலை கத்துக்கிட்டாங்க?" என்றான். நான் ஒரு புது வண்டியின் டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். கொஞ்ச நேரம் அங்கேயே படுத்திருந்தேன், வெளியே வரவில்லை. என் முகம் எப்படி இருந்தது என்று எனக்கே தெரியாது. வெட்கப்பட்டு ஒளிந்தேன் என்று நினைக்காதே. பெருமை தாங்கவில்லை.

உன் கடிதம் வந்ததும் க்ளென்னுக்குப் படித்துக் காட்டினேன். கம்பி சுட்ட இடம் வந்ததும் அவன் மேஜையைத் தட்டினான். பாமா, நானாக இருந்தால் கையை உதறிவிட்டு வண்டியைத் திட்டியிருப்பேன். எத்தனையோ பேர் கை சுட்டுக்கொள்கிறார்கள். சுட்டது ஏன் என்று கேட்டுக்கொண்டு உட்கார எத்தனை பேரால் முடியும்? அதுவும் விற்பனை நடக்கிற நேரத்தில், அழுகையை அடக்கிக்கொண்டு.

பல்பு சோதனை நான் சொன்னது. அது என்னைத்தான் ஏமாற்றியது. பல்புக்கு ஒரு மடக்குத் தண்ணீர் போதும், அதைச் சோக் கம்பியே கொடுத்துவிட்டது. ஸ்டார்ட்டர் குடம் குடமாகக் கேட்கும். நாணு ஸ்டார்ட்டரைத் தரையில் வைத்துக் கனமான வயர் கொடுத்தபோது குதிரையாகத் துள்ளியதும் அதனால்தான். நீ எல்லாவற்றையும் எழுதியிருந்தாய், விடை என் கையிலேயே இருந்தது. நானே போட்ட பட்டை என்ற நினைப்பில் அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை.

நைனாவை நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன். வேறு எந்தப் பெயிண்டராக இருந்தாலும் பட்டையைச் சுற்றி மேலோட்டமாக ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போயிருப்பான், வண்டியும் ஓடிக்கொண்டிருக்கும். இவர் கழற்றி, அடியில் பிரைமர் போட்டு, காயவைத்து, கீறக்கூடாது என்று வாஷரையும் மாற்றியிருக்கிறார். யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில்! வேலை என்றால் அது வேலை. அதை நடுரோட்டில் அவர் மனசு நோகாமல் எடுத்துச் சொன்னாயே, அதற்கு உன்னை என்ன சொல்வது? எனக்கு அந்த வாக்கியம் தோன்றியிருக்காது. நான் கத்தியிருப்பேன்.

வண்டியை வைத்துக்கொள் என்று நான் எழுத வேண்டியதில்லை. நீ வைத்துக்கொண்டாய். அக்காவுக்கு நானே எழுதிவிட்டேன், யாரும் வேலூர் வரவில்லை என்று. யூஜினிடமும் பேசிவிட்டேன். அவருக்கு வருத்தமில்லை. அத்திபெலேயில் எடுக்காத வண்டி இன்னும் இரண்டு நிற்கிறதாம், உன்னைக் கேட்கச் சொன்னார்.

உன்னைப் போல் ஒருத்தி எனக்கு வாய்த்தது என் அதிர்ஷ்டம். இதை நேரில் சொல்ல எனக்கு வராது, அதனால் எழுதுகிறேன்.

கோவிந்தன்

*

அல்சூர்,
20-1-1994

உங்களுக்கு,

கடிதம் பொங்கலுக்கு மறுநாள் வந்தது. அதுவரை நான் எப்படி இருந்தேன் என்று கேட்காதீர்கள். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் அடுப்படியில் போய் நின்றுகொள்வேன். மாமாதான் வாங்கி வந்து, பிரிக்காமல் கையில் கொடுத்தார். படித்துவிட்டு அழுதேன். அவர் பயந்துபோய், "என்னம்மா எழுதிட்டான் அவன்? நான் எழுதட்டுமா அவனுக்கு?" என்று சண்டைக்குத் தயாராகிவிட்டார்.

மாமா நன்றாக இருக்கிறார். தெருவில் இரண்டு ஸ்கூட்டரும் ஒரு ஆட்டோவும் பெயிண்டுக்கு வந்திருக்கின்றன. ஒவ்வொரு போல்ட்டைக் கழற்றும்போதும் என்னைக் கூப்பிட்டு, "இதுல கரண்ட்டு பூரணுமா, வேணாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் பிரஷ்ஷைத் தொடுகிறார். கடைக்குப் போனால் நாணு எனக்கு ஸ்டூல் போடுகிறார். யூஜினின் வண்டிகளைப் பிறகு பார்க்கலாம்.

ஆனால் உங்களிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். இவ்வளவு புகழ்ந்து எழுதியிருக்கிறீர்கள், அதை அப்படியே வாங்கி வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

பழுதைக் கண்டுபிடித்ததால்தான் நான் வண்டியை விற்கவில்லை என்று நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கம்பி சுடாமலே போயிருந்தாலும், எனக்கு ஒன்றுமே தெரியாமல் போயிருந்தாலும், நான் கொடுத்திருக்க மாட்டேன். ஓசூர் ரோட்டில் அழுகை முட்டியபோதே தெரிந்துவிட்டது. யூஜினிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, கயிறு கட்டி இழுத்தாவது வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்திருப்பேன். 'ஓடற வண்டி' என்று சொன்னது வாய்க்கு வந்த சாமர்த்தியம். ஓடாவிட்டாலும் அது என் வண்டிதான்.

நீங்கள் புகழ்ந்தது கெட்டிக்காரியை. உங்கள் பேச்சைக் கேட்காதவளும் அவளேதான். இரண்டு பேரையும் தனித்தனியாக வைத்துக்கொள்ள முடியாது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, நீங்கள் எனக்கு எழுதியதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். மாற்ற வேண்டும் என்றால் மாற்றி எழுதுங்கள். நான் கோபப்பட மாட்டேன்.

பாமா

*

மஸ்கட்,
1-2-1994

பாமாவுக்கு,

நினைத்துப் பார்த்தேன். மாற்ற ஒரு எழுத்தும் இல்லை. அந்த ஓடாத வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வருகிறவளைத்தான் நான் கல்யாணம் செய்துகொண்டேன் என்பது எனக்கு முன்பே தெரியும். அவளுக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன்.

லீவு கிடைத்துவிட்டது. மார்ச் முதல் வாரம், பம்பாயிலிருந்து காலை விமானத்தில் வந்து இறங்குகிறேன். அது நர்ஸ்களை நீ கொண்டுபோய் விடுகிற நேரம். அவர்களை இறக்கிவிட்டே வா. எவ்வளவு நேரம் ஆனாலும் நான் ஏர்போர்ட் வாசலில் காத்திருப்பேன்.

கோவிந்தன்